எண்பது சதவீதத் தீவு

நத்தை மறுபடியும் குழியில் விழுந்தது.

விழுந்த நத்தைக்காக வருத்தப்பட நேரமில்லை. மாலை ஆறு மணிக்குத் தள்ளுபடி முடிகிறது. அதற்குள் இந்த நத்தை மூன்று தோட்டங்களையும் ஒரு சாக்கடையையும் தாண்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். காலையிலிருந்து முதல் தோட்டத்தின் முதல் குழியையே தாண்டியபாடில்லை.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து நத்தையை மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பெயிண்ட் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை பார்ப்பவர். டப்பா, மூடி, தூரிகை என்று எதற்கு யார் என்ன விலை சொன்னாலும், "கடைசி விலை சொல்லுங்க" என்பதுதான் அவர் சொல்லும் முதல் வணக்கம். ஆபீசில் அவருக்குத் தள்ளுபடியார் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

இணையத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தள்ளுபடியில் விற்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மனிதருக்கு வேறு நினைப்பு இல்லை. கோடைத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி, வாரக்கடைசித் தள்ளுபடி, காரணமே சொல்லாத தள்ளுபடி. தனியாக வாங்கினால் பாதி விலை, கட்டாக வாங்கினால் கால் விலை. பேரமே பேசாமல் எதிராளி தானாக இறங்கி வருவதைப் பார்க்கும்போது அவருக்கு மயிர்க்கூச்செறியும். இப்படியே நானூறு விளையாட்டுகளுக்குமேல் சேர்த்துவிட்டார்.

இது போதாதென்று இன்னொரு கடை. அங்கே வியாழக்கிழமைதோறும் ஒரு விளையாட்டைச் சும்மாவே கொடுப்பார்கள். ஆபீசிலிருந்து பஸ்ஸில் வரும்போது, அது என்ன விளையாட்டு என்றுகூடப் பார்க்காமல், போனில் பொத்தானை அமுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சும்மா வருவதை ஆராய்ந்து பார்த்து வாங்குவது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

ஆடியது எத்தனை என்று கேட்டால் பதில் வராது. வாங்குவதுதான் அவருக்கு ஆட்டம். வாங்கியாயிற்று என்றால் ஜெயித்தாயிற்று.

போன தள்ளுபடியின்போது மனைவிக்குப் பொறுமை தீர்ந்தது. மனைவி குக்கர் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவர். ஆவி வைத்துப் பார்க்காமல் ஒரு மூடியைக்கூட நல்ல மூடி என்று சொல்லமாட்டார்.

"எத்தனை வாங்கியிருக்கீங்க?"

"ஒரு நானூறு இருக்கும்."

"எத்தனை ஆடியிருக்கீங்க?"

"ரிட்டயர் ஆனப்புறம் ஆடலாம்னு இருக்கேன்."

"அப்ப ரிட்டயர் ஆனப்புறம் வாங்குங்க."

"அப்ப விலை ஏறியிருக்குமே."

அந்தப் பதிலில்தான் சட்டம் பிறந்தது. சாப்பாட்டு மேசையில், மாமியார் சாட்சியாக, மனைவி தீர்ப்பு சொன்னார். ஒன்றை ஆடி முடித்தால்தான் அடுத்ததை வாங்கலாம். கடைசிக் கட்டம்வரை ஆடி முடித்தவருக்குக் கடையே ஒரு பதக்கம் கொடுத்து அவர் பெயருக்குக் கீழே மாட்டிவைக்கும். அதுதான் அத்தாட்சி.

"உங்க பேர்ல ஒரே ஒரு பதக்கம் வரட்டும், அப்புறம் நான் வாயே திறக்கல. அதுக்கு முன்னால ஏதாவது வாங்கினீங்க, கம்ப்யூட்டரை வித்துட்டு அந்த ரூமை அம்மாவுக்குக் குடுத்துடுவேன். பாவம், ஹால்ல படுத்துக்கறாங்க."

மாமியார் பதறிப்போனார். "எனக்கு எதுக்குடி ரூமு? மாப்ளயோட கம்ப்யூட்டர் அங்கயே இருக்கட்டும். எனக்கு ஹால்லதான் காத்து நல்லா வருது."

தள்ளுபடியார் உருகிப்போனார். தட்டச்சுப் பள்ளியில் காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மா, கால் நீட்டிப் படுக்க ஓர் அறை கிடைக்கிறபோது மருமகனுக்காக வேண்டாம் என்கிறாரே. இப்படி ஒரு மாமியார் யாருக்கு வாய்க்கும் என்று நினைத்தார். மாமியாரின் நல்ல மனசில் அன்றைக்கு வைத்த நம்பிக்கை இன்றுவரை குறையவில்லை.

சட்டம் வந்ததிலிருந்து தள்ளுபடியார் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். இருக்கவிடவில்லை அந்தத் தீவு.

அது ஒரு கலங்கரை விளக்கு விளையாட்டு. நடுக்கடலில் ஒரு தீவு, அதில் ஒரு விளக்கு, புயலில் தத்தளிக்கும் கப்பல்கள். விளக்கை ஏற்றி, திருப்பி, கப்பல்களைக் கரை சேர்க்க வேண்டும். நான்கு வருடமாக அவர் அதன்மேல் கண் வைத்திருந்தார். ஒருமுறை அறுபது சதவீதம் இறங்கியது. இன்னும் இறங்கும் என்று காத்திருந்தார், ஏறிவிட்டது. அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிடவில்லை. இப்போது எண்பது சதவீதம் இறங்கியிருக்கிறது. இதற்குக் கீழே இறங்கினால் கடைக்காரன் தெருவுக்கு வந்துவிடுவான் என்பது கொள்முதல் பிரிவின் கணிப்பு.

திருட்டுத்தனமாக வாங்கவும் வழியில்லை. ஒவ்வொரு விளையாட்டு வாங்கும்போதும் மனைவியின் போனுக்குத் தகவல் போய்விடும். காரணம், புது வாடிக்கையாளருக்குப் பத்து சதவீதம் என்று ஒருசமயம் அறிவித்தார்கள். அவர் பழைய வாடிக்கையாளர். ஆகவே மனைவியின் நம்பரைக் கொடுத்துப் புதுக்கணக்கு ஆரம்பித்து, பழையதையும் அதோடு சேர்த்துவிட்டார். அந்தப் பத்து சதவீதம் இன்றைக்கு அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே நத்தை. நானூற்றிலும் சின்னது அதுதான். 'ஒரே மூச்சில் முடித்துவிடலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது.

காலையில் மனைவி வேலைக்குப் போனதும், பல்வலி என்று ஆபீசுக்குப் போன் பண்ணி லீவு சொன்னார். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். நாற்காலி வழக்கம்போல ஏதோ குள்ளருக்கு வைத்ததுபோலத் தாழ்ந்து கிடந்தது, அதை உயர்த்தினார். நத்தையை இறக்கப் பார்த்தால் இடமில்லை என்றது கம்ப்யூட்டர். எதையுமே இறக்காத கம்ப்யூட்டரில் எப்படி இடமில்லாமல் போகும்? மச்சினியின் கல்யாண போட்டோக்கள்தான் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று முடிவுகட்டி, அவற்றைப் பென்டிரைவுக்கு மாற்றினார். நத்தை இறங்கியது. இறங்கியதிலிருந்து விழுந்துகொண்டேயிருக்கிறது.

கதவு திறந்தது. மாமியார் ஒரு டம்ளருடன் நின்றார்.

"மாப்ள, போன்ல பல்வலின்னு சொன்னது காதுல விழுந்துச்சு. வெந்நீர்ல உப்புப் போட்டிருக்கேன். கொப்பளிங்க."

வேறு வழியில்லாமல் கொப்பளித்தார்.

"மதியத்துக்குக் கெட்டியா எதுவும் வேணாம். சூப்பு வெச்சுத் தர்றேன். பேசவும் பேசாதீங்க, பேசினா நரம்பு இழுக்கும்."

சொல்லிவிட்டு மாமியார் உடனே போகவில்லை. திரையில் நத்தை இன்னொரு தடவை விழுந்ததைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

வலிக்காத பல்லுக்காகப் பட்டினி என்று ஆகிவிட்டது. தள்ளுபடியார் கதவைச் சாத்திக்கொண்டு, ஆபீஸ் கிடங்கில் இருக்கும் நண்பரைக் கூப்பிட்டார். கிடங்குக்காரர் சரக்கு லாரி வராத நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்.

"சார், பல்வலின்னாங்களே?" என்றார் கிடங்குக்காரர்.

"பல்லை விடுங்க. இந்த நத்தை எப்படிக் குழி தாண்டும்?"

"எதால நடத்தறீங்க?"

"அம்புக்குறியால."

"அதான் விழுது. இடது கையை டபிள்யூ, ஏ, எஸ், டி மேல வைங்க. எல்லா விளையாட்டுக்கும் அந்த நாலு எழுத்துதான் சார் காலு."

தள்ளுபடியார் குனிந்து பார்த்தார். "அந்த இடத்துல எழுத்தே இல்லையே சார். நாலு கட்டையும் வழவழன்னு இருக்கு."

"அழிஞ்சு போச்சா? அப்ப நீங்க பெரிய ஆட்டக்காரர்."

"நான் இன்னிக்குத்தான் சார் முதல்முதலா ஆடறேன்."

"கீபோர்டு தள்ளுபடில வாங்கினதா?"

"ஆமா."

"அப்ப மட்டமான சரக்கு. மத்த எழுத்தும் சீக்கிரம் போயிடும்."

தள்ளுபடியார் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தள்ளுபடியில் வாங்கியதைக் குறை சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் எழுத்தில்லாத கட்டைகளில் கையை வைத்தும் நத்தை விழுந்தது.

"பேசாம உங்க பாஸ்வேர்டைக் குடுங்க சார்," என்றார் கிடங்குக்காரர். "நான் இங்கேர்ந்தே ஆடி முடிச்சுடறேன். இன்னிக்கு லாரி கிடையாது."

இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தள்ளுபடியார் தன்னையே நொந்துகொண்டார். பாஸ்வேர்டைக் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் கிடங்குக்காரர் மறுபடி வந்தார்.

"சார், புது கம்ப்யூட்டர்லேர்ந்து வர்றதால ஒரு நம்பர் கேக்குது. உங்க போனுக்கு அனுப்பியிருக்காம்."

போனைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகுதான் அந்தப் பத்து சதவீதம் ஞாபகம் வந்தது. நம்பர் குக்கர் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறது.

மனைவியைக் கூப்பிட்டார். பின்னணியில் விசில் சத்தம் வரிசையாகக் கேட்டது.

"உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். கொஞ்சம் சொல்லேன்."

"வந்துச்சு. வெறும் நம்பர்தான், யாருன்னு போடல. என்னங்க அது?"

உண்மையைச் சொல்ல ஒரு வினாடி அவகாசம் இருந்தது. அதை அவர் வீணாக்கினார்.

"பல் டாக்டர். நேரம் குடுத்திருக்காங்க. அதுக்கான நம்பர். எனக்குப் பல்வலி."

"அய்யோ, காலைல நல்லாத்தானே இருந்தீங்க. எந்த டாக்டர்?"

"அதான், தெருமுனையில இருக்காரே."

மனைவி நம்பரைச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். அவர் அன்பான மனைவி, விடவில்லை. "தனியாப் போகாதீங்க. ஊசின்னா உங்களுக்கு மயக்கம் வரும். நான் பர்மிஷன் போட்டுட்டு நாலு மணிக்கு வந்துடறேன்."

போனை வைத்தபின் தள்ளுபடியார் கடிகாரத்தைப் பார்த்தார். இனி நாலு மணிக்குள் நத்தை வீடு சேர வேண்டும்.

கிடங்குக்காரர் கெட்டிக்காரர்தான். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் இரண்டாவது தோட்டத்தில் இருப்பதாகச் செய்தி அனுப்பினார். தள்ளுபடியார் நிம்மதியாகக் கட்டிலில் சாய்ந்து, மாமியார் கொடுத்த சூப்பைக் குடித்தார். அப்போது போன் அடித்தது. மேலாளர்.

"பல்லு எப்படி இருக்கு?"

"ரொம்ப வலி சார். எழுந்திருக்க முடியல."

"நத்தை எப்படி இருக்கு?"

தள்ளுபடியாருக்குச் சூப்பு புரையேறியது. முன்பு ஒருசமயம், வாரக்கடைசித் தள்ளுபடியின்போது, மேலாளருக்குக் குறைந்த விலையில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று வாங்க உதவினார். அந்த நன்றியில் மேலாளர் கடையில் அவரை நண்பராகச் சேர்த்துக்கொண்டார். யார் எப்போது எதை ஆடுகிறார்கள் என்று அந்தக் கடை நண்பர்களுக்கெல்லாம் தண்டோரா போடும் என்பது ஆடாதவருக்கு எப்படித் தெரியும்?

"என் போன்ல காட்டுது," என்றார் மேலாளர். "நீங்க நத்தை ஆடிட்டு இருக்கீங்கன்னு காலைலேர்ந்து காட்டுது."

"சார், நான் சத்தியமா கட்டில்ல படுத்திருக்கேன். இப்ப ஆடறது நான் இல்ல."

இது உண்மை. அன்றைக்கு மேலாளரிடம் அவர் சொன்ன முதல் உண்மை. அதனாலேயே அதில் ஏகப்பட்ட உருக்கம் இருந்தது.

"நீங்க இல்லேன்னா வேற யாரு?"

"யாரோ என் கணக்குல புகுந்துட்டாங்க போலிருக்கு சார்."

மேலாளரின் குரல் மாறியது. "திருட்டா? ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் அதே பாஸ்வேர்டுதான் வெச்சிருக்கீங்களா?"

"ஆமா சார்." இதுவும் உண்மைதான். சொல்லியிருக்க வேண்டாம்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க. இன்னிக்கு நம்ம ஆபீஸ்ல யார் எங்க உக்காந்து என்ன பண்றாங்கன்னு நான் ஒவ்வொரு இடமாப் பாக்கறேன்."

தள்ளுபடியார் உடனே கிடங்குக்காரரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். ஆடும்போது போனை ஊமையாக்கி வைப்பது கிடங்குக்காரரின் பழக்கம். ஒரு மணி நேரம் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது.

'சார் வந்துட்டார். திருடன் நான்தானாம்.'

நத்தைக்காக ஒரு நல்ல மனிதருடைய வேலை போகப்போகிறதே என்று தள்ளுபடியார் பதறினார். மேலாளரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று போனை எடுத்தார். அதற்குள் அடுத்த செய்தி.

'நீங்கதான் ஆடச் சொன்னீங்கன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. ஆதாரம் பாக்கறேன்னு சார் என் நாற்காலில உக்காந்திருக்கார்.'

பிறகு இன்னொன்று.

'சார் ஆட ஆரம்பிச்சுட்டார்.'

பிறகு இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று.

'நடுவுலேர்ந்து ஆடினா கதை புரியலையாம். நான் மூணாவது தோட்டத்துல இருந்தேன். அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆடறார். எழுந்திருங்கன்னு நான் எப்படி சார் சொல்றது?'

சொன்னபடி நாலு மணிக்கு மனைவி வந்துவிட்டார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கிளம்புங்க."

"இப்ப பரவாயில்ல," என்றார் தள்ளுபடியார். "உப்புத் தண்ணில சரியாயிடுச்சு."

"காலைலேர்ந்து சூப்பைத் தவிர எதுவும் இறங்கலையாம், அம்மா சொன்னாங்க. வாங்க."

தெருமுனைப் பல் மருத்துவமனையில் கூட்டமே இல்லை. தள்ளுபடியாரின் அதிர்ஷ்டம் அப்படி. மனைவி வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்க, டாக்டர் இவரைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து முகத்துக்கு நேராக விளக்கைத் திருப்பினார்.

"எந்தப் பல்லு?"

தள்ளுபடியார் குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினார். டாக்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

தலையாட்டினார்.

"இது?"

அதற்கும் தலையாட்டினார்.

"நான் இப்ப தொடவே இல்லையே," என்றார் டாக்டர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "நீங்க காட்டின பல்லு கல்லு மாதிரி இருக்கு. கடைசில ஒரு ஞானப்பல்லுதான் கோணலாப் படுத்திருக்கு. என்னிக்காவது ஒருநாள் தொந்தரவு குடுக்கும், எடுத்துட வேண்டியதுதான். இன்னிக்கே எடுக்கணும்னு அவசியம் இல்ல."

தள்ளுபடியார் எழுந்திருக்கக் காலைக் கீழே வைத்தார். மணி நாலே முக்கால்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போய்விடலாம். மேலாளரிடம் மன்றாடிப் பார்க்கலாம்.

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே. "கிளினிக் ஆரம்பிச்ச வாரம்ங்கறதால பல் எடுக்கப் பாதி விலைதான் வாங்கறோம். இன்னிக்குத்தான் கடைசி நாள்."

தள்ளுபடியாரின் கால் தானாக நாற்காலிக்குத் திரும்பியது. வேண்டாம் என்று புத்தி சொன்னதை அவர் பின்னால் பலரிடம் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் புத்தி சொல்வதைக் கேட்கிற நிலையில் கழுத்து இல்லை, தலை ஆடிவிட்டது. என்றைக்காவது எடுக்கவேண்டிய பல்தானே, அன்றைக்கு முழு விலை கேட்பார்களே? அதற்குள் டாக்டர் மறுபடி வாய்க்குள் கண்ணாடியை விட்டுவிட்டதால் பேச முடியவில்லை. விரலால் காற்றில் அறுபது என்று எழுதிக் காட்டினார்.

டாக்டர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு, "அம்பத்தஞ்சு. அதுக்குமேல கட்டுப்படியாகாது," என்றார்.

பேரம் படிந்தது. ஊசி ஏறியது. பல் ஒன்றும் லேசில் வந்துவிடவில்லை. அதற்கு எழுபது சதவீதம் கேட்டிருக்கலாம் என்று மயக்கத்திலும் அவருக்குத் தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு கன்னம் இரண்டு கன்னமாக இருந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பாக்கெட்டில் போன் சிணுங்கியது. கிடங்குக்காரர்.

'சார் முடிச்சுட்டார். நத்தை வீட்டுக்குப் போயிடுச்சு. அது கதவைத் தட்டின இடத்துல சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உங்க பேர்ல பதக்கம் வந்தாச்சு. என் வேலைக்கு ஒண்ணும் ஆகல. நாளைக்கு வேற நல்ல விளையாட்டு இருந்தா சொல்லச் சொன்னார்.'

தள்ளுபடியாருக்கு நடுத்தெருவில் கும்பிடவேண்டும் போலிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். அவர் பெயருக்குக் கீழே சின்னதாக, பொன்னிறத்தில், நத்தை ஓடு போட்ட பதக்கம் ஒன்று தொங்கியது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, வாயில் பஞ்சோடு, விரலால் சுட்டிக் காட்டினார்.

மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குக்கர் மூடியைப் பார்க்கிற பார்வை.

"நீங்க ஆடி முடிச்சதா?"

தலையாட்டினார்.

"எப்ப முடிச்சீங்க?"

பகலில் என்று கையால் சூரியனைக் காட்டினார்.

மனைவி பதக்கத்தின்மேல் சுட்டியை வைத்தார். அது கிடைத்த நேரம் பக்கத்தில் விரிந்தது. "அஞ்சு இருபதுன்னு போட்டிருக்கு. அஞ்சு இருபதுக்கு நீங்க டாக்டர் நாற்காலில வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருந்தீங்க. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

தள்ளுபடியார் பஞ்சை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணும் கேக்கணும். காலைல வந்த நம்பர் இங்கதான் அனுப்பினாங்களான்னு அந்தப் பொண்ணுகிட்ட விசாரிச்சேன். எங்ககிட்ட நம்பர் அனுப்பற வழக்கமே இல்லையேம்மான்னு சொல்லிட்டா."

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. பேசக்கூடாது என்பதால் தள்ளுபடியார் கம்ப்யூட்டரிலேயே வாக்குமூலம் அடித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். 'பல்வலி இல்லை. நத்தை நான் இல்லை. மேலாளர்.' கொஞ்சம் யோசித்து மேலும் அடித்தார். 'தீவு எண்பது சதவீதம். ஆறு மணிவரைதான். நாலு வருஷமாக் காத்திருக்கேன். மன்னிச்சுடு. ரூமை அம்மாவுக்குக் கொடுத்துடு.'

மனைவி அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திட்டு வரும் என்று தள்ளுபடியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மனைவி சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை.

"பல்லு வலிக்கவே இல்லையா? அப்ப எதுக்குப் பிடுங்கிக்கிட்டீங்க?"

'பாதி விலை' என்று அடித்தார்.

சிரித்து ஓய்ந்தபின் மனைவி அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நீங்க வாங்கறது எனக்குக் கோவம் இல்லைங்க. வாங்கி வாங்கி மூட்டை கட்டி வெச்சுட்டு, ஒண்ணைக்கூடத் தொட்டுப் பாக்காம இருக்கீங்களே, அதைப் பாத்தாத்தான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. யாருக்கும் பிரயோஜனம் இல்லாம கிடக்குதே."

தள்ளுபடியார் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி சொன்னது நியாயம் என்று பட்டது. நானூறு விளையாட்டும் ஆள் வராத சத்திரம்போல அவர் மனக்கண்ணில் வந்து நின்றன.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

மூன்று விரலைக் காட்டினார்.

"வாங்குங்க."

நம்பமுடியாமல் பார்த்தார்.

"ஒரு பல்லையே குடுத்திருக்கீங்க. வாங்கிக்குங்க. ஆனா இதை நீங்க ஆடணும். தினம் சாயங்காலம் நான் இங்கயே உக்காந்து பாப்பேன். நீங்க விளக்கைத் திருப்புங்க, கப்பல் எங்க வருதுன்னு நான் சொல்றேன்."

தள்ளுபடியாரின் கண்ணில் நீர் வந்தது. ஊசியின் மரமரப்பு போய் வலி ஆரம்பித்ததும் ஒரு காரணம். ஆனால் அதுமட்டும் காரணமில்லை. பொத்தானை அமுக்கினார். மனைவியின் போன் 'டிங்' என்றது. இந்தத் தடவை இருவரும் சேர்ந்தே அதைப் பார்த்தார்கள். திரையில் கடல் விரிந்து, நடுவில் தீவும் தீவின்மேல் விளக்கும் வந்தன. ஹால் கடிகாரம் ஆறு அடித்தது.

வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுக்கத் துணியில் ஐஸ்கட்டியைச் சுற்றிக்கொண்டு மாமியார் உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுக்கு எதுக்கு மாப்ள காசு குடுத்தீங்க? போன வருஷம் அந்த இன்னொரு கடையில சும்மா குடுத்தப்பவே எடுத்து வெச்சிருக்கீங்களே, நான் மூணு தடவை முடிச்சாச்சு, பதக்கமெல்லாம் உங்க பேர்லதான் கிடக்கு."